சனிவார் வாடாவில் சொஜ்ஜி

எங்கள் திலக் நகர் கட்டடத்துக்கு முன்னால் ஒரு துண்டுப் புல்வெளி இருக்கிறது. கல்யாண ஜமக்காளம் ஒன்று விரித்தால் தீர்ந்துபோகிற அளவுதான். மழைக்காலம் முடிந்ததும் சொசைட்டிக்காரர்கள் ஓர் ஆளைக் கூப்பிட்டு அதை வெட்டச் சொல்வார்கள். இன்று காலை அந்த ஆள் வந்து மிஷினை உருட்டிக்கொண்டிருந்தான். நான் பால்கனியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். வெட்டின புல்லின் வாசனை இரண்டாவது மாடிக்கு ஏறி வந்தது. வந்ததும் என் நாக்கில் சொஜ்ஜி இனித்தது.

சிரிக்காதீர்கள். எனக்கு இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளிலிருந்து இருக்கிற வியாதி. புல்லுக்கும் சொஜ்ஜிக்கும் என்ன சம்பந்தம் என்று என் பெண்ணிடம் விளக்கப் போனால் அவள் என்னை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போவாள். நீங்கள் பொறுமையாகக் கேட்பீர்கள் என்று நம்பிச் சொல்கிறேன். கேட்டுவிட்டு உங்களுக்குத் தலையும் வாலும் புரியவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். எங்களுக்கும் அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நாங்கள் பம்பாய் மாடுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. நான் மெட்ரிக் முடித்து டைப்பும் கற்றுக்கொண்டு ரேஷன் ஆபீசில் சேர்ந்திருந்தேன். ரேஷன் வந்ததால் பம்பாயில் பல பேருக்குக் கஷ்டம், என்னைப் போன்ற பெண்கள் சிலருக்கு மட்டும் உத்தியோகம். ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் சர்க்கரை போதவில்லை என்று என்னிடம் வந்து சண்டை போட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மாவும் அதே சண்டையைப் போடுவாள். "ரேஷன் ஆபீஸ்ல உத்தியோகமாம். ஆத்துல ஒரு பிடி சக்கரைக்கு வழியில்லை" என்பாள். ஆபீசில் இருப்பவளுக்கு அதிகமாக ஒரு சிட்டிகைகூடத் தர மாட்டார்கள் என்பதை அவள் கடைசிவரை நம்பவே இல்லை.

அந்தச் சர்க்கரைப் பஞ்சத்திலும் எங்கள் வீட்டில் இரண்டு தடவை சொஜ்ஜி கிண்டியாகிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வைக்காமல் இருக்க முடியுமா? முதலில் வந்தவர்கள் இரண்டையும் தின்றுவிட்டு, வேலைக்குப் போகிற பெண் சரிப்படாது என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டாவதாக வந்தவர்கள், வர முடியாத மூத்த பிள்ளைக்கு என்று ஒரு டப்பாவிலும் வாங்கிக்கொண்டு போய், பெண் உயரம் ஜாஸ்தி என்றார்கள். உயரம் டப்பா வாங்குவதற்கு முன்னாலேயே தெரிந்திருக்குமே என்று நான் கேட்டேன். அம்மா முறைத்தாள்.

மாடுங்காக் கட்டடங்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே நடைபால்கனி. பஜ்ஜி எண்ணெய் காய்ந்தாலே மூன்று மாடிக்கும் விஷயம் போய்விடும். மறுநாள் நான் ஆபீசுக்கு இறங்கும்போது கீழ்வீட்டுக் குஜராத்தி மாமி கையை விரித்துக் கண்ணால் கேட்பாள். நான் கண்ணால் இல்லை என்பேன். இரண்டாவது தடவை அப்பா அந்த மாமி எழுந்திருப்பதற்கு முன்பே ஆபீசுக்குக் கிளம்பிப் போனார். எனக்குப் பாவமாக இருந்தது.

இதற்கிடையே பாலக்காட்டில் ஒருத்தர் காத்துக்கொண்டிருந்தார். அத்தை வழியில் தெரிந்தவர். மனைவி போய்விட்டாள், இரண்டு குழந்தைகள், வயசு அப்பாவைவிடக் கொஞ்சம்தான் குறைச்சல். அவர்களுக்கு என் உயரம், உத்தியோகம் எதிலும் ஆட்சேபணை இல்லை. அம்மா ஒருநாள் அரிசி பொறுக்கிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அடுத்ததும் தட்டிப்போச்சுன்னா அவர்தான்டீ. இன்னொரு தரம் சொஜ்ஜி கிண்ட எனக்குத் தெம்பு இல்லை."

அடுத்தது என்பது பூனாவில் இருந்தது. கொண்டுவந்தவர் சேஷு மாமா, அப்பாவுக்கு ஆபீஸ் சிநேகிதர், எங்கள் கட்டடத்திலேயே கீழ்மாடியில் இருந்தவர். பிள்ளைக்குப் பூனாவை ஒட்டின கிர்க்கியில் மிலிடரிக் கணக்கு ஆபீசில் வேலை. எங்களைப் போல அவர்களும் பாலக்காட்டுக்காரர்கள்தான், ரொம்ப நாளாகப் பூனாவில். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோ அனுப்பும் வழக்கமெல்லாம் எங்களுக்குள் அப்போது கிடையாது. சேஷு மாமாதான் ஒரு யோசனை சொன்னார். வீட்டுக்கு வரவழைத்தால்தானே ஊர் பார்க்கிறது? சனிவார் வாடா என்று பூனாவில் பேஷ்வாக்களின் அரண்மனை இருக்கிறது. தோட்டம் உண்டு, நீரூற்று உண்டு. நாமும் அரண்மனை பார்க்கப் போகிற மாதிரி போவோம், அவர்களும் அரண்மனை பார்க்க வருகிற மாதிரி வருவார்கள்.

"ஆனா ஒண்ணு. பொண்ணு பாக்க வந்தோம்னு யார் வாயிலேர்ந்தும் வரப்படாது. தற்செயலாப் பாத்துண்ட மாதிரியே இருக்கணும். பிடிச்சா அவாளே சொல்லி அனுப்புவா. பிடிக்கலேன்னா யாரும் யாரையும் பாக்கவே இல்லை" என்றார் மாமா.

அப்பாவுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அம்மாவுக்குப் பெயர்தான் இடித்தது. "சனி பேர் வச்ச எடத்துலயா பொண்ணைக் கொண்டுபோய் நிறுத்தறது?" என்று இரண்டு நாள் முனகினாள். நாம் போவது ஞாயிற்றுக்கிழமைதானே என்று அப்பா சமாதானம் சொன்னார். என்னிடம் அரண்மனை பார்க்கப் போகிறோம் என்று மட்டும்தான் சொன்னார்கள். எனக்குப் பட்டுப்புடவையை எடுத்து வைத்துவிட்டு, அம்மா வெல்லக் காப்பி குடித்துக் குடித்து மிச்சம் பிடித்த சர்க்கரையில் சொஜ்ஜி கிண்டி எவர்சில்வர் டப்பாவில் அமுக்கும்போது, எந்த அரண்மனையில் என்ன நடக்கப்போகிறது என்று எனக்கா தெரியாது?

சேஷு மாமாவும் கூட வந்து ஆளைக் காட்டுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை ராத்திரி அவருக்குக் குளிர்ஜுரம் வந்துவிட்டது. கம்பளிக்குள்ளிருந்து பற்கள் தந்தியடிக்க அடையாளம் சொன்னார். பிள்ளை மூக்குக்கண்ணாடி போட்டிருப்பான், அம்மா மடிசார் கட்டியிருப்பாள், கூட அவளுடைய தம்பி வருவார், மொத்தம் மூன்று பேர். பூனாவில் அரண்மனைக்குள் வேறு எந்தத் தமிழன் வரப்போகிறான், பார்த்ததுமே தெரிந்துவிடும் என்றார்.

இங்கேயே உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. வேறு தமிழர்கள் வந்திருந்தார்கள். மூன்று பேர். மூக்குக்கண்ணாடி, மடிசார், தம்பி எல்லாம் அச்சாக அப்படியே. நாங்கள் நேரே அவர்களிடம் போய் உட்கார்ந்துவிட்டோம்.

தாதரில் ரயில் ஏறினோம். பாதி வண்டி பட்டாளக்காரர்கள். விக்ரோலி என்பது அப்போது ஜன்னலுக்கு வெளியே புல்லும் சேறும் மட்டும்தான். மலையில் குகை வரும்போதெல்லாம் வண்டிக்குள் கும்மிருட்டாகிவிடும். ஒவ்வொரு குகையிலும் அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வாள், வெளிச்சம் வந்ததும் விட்டுவிட்டுச் சொஜ்ஜி டப்பாவைத் தொட்டுப் பார்ப்பாள். நான் அரண்மனையை நினைத்துக்கொண்டு வந்தேன். சேஷு மாமா ஏழு மாடி என்று சொல்லியிருந்தார். ஏழு மாடியில் ஏதாவது ஒரு மாடத்தில் நான் நிற்பேன், கீழிருந்து ஒருத்தர் பார்ப்பார் என்றெல்லாம் ஓடியது. அசட்டுத்தனம்தான், அந்த வயசுக்கு அது இல்லாமல் இருக்குமா?

பூனா ஸ்டேஷனிலிருந்து டாங்கா குதிரைவண்டி வைத்துக்கொண்டு போனோம். வாடாவின் வாசலைப் பார்த்ததும் அப்பாவே அசந்துபோனார். அவ்வளவு உயரக் கோட்டைச் சுவர். யானை முட்டாமல் இருக்கக் கதவு முழுக்கக் கூர் கூராக இரும்பு முள். வாசலுக்கு மேலே மரத்தால் கட்டின ஒரு மண்டபம். வாசலே இப்படி என்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று அம்மா என் தலைப்பைச் சரி செய்தாள். உள்ளே போனோம்.

உள்ளே ஒன்றும் இல்லை.

நன்றாகக் கேளுங்கள், ஒன்றுமே இல்லை. நான்கு பக்கமும் சுவர், நடுவில் வெறும் புல். அங்கங்கே முழங்கால் உயரத்துக்குக் கல் மேடைகள். ஒரு தண்ணீரில்லாத நீரூற்று. தோட்டக்காரன் ஒருவன் உட்கார்ந்து புல் வெட்டிக்கொண்டிருந்தான். அப்பா திருதிருவென்று முழித்தார். வேறு வழியாக வந்துவிட்டோமோ என்று வெளியே போய் வாசலைப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வந்தார். "பின்னாடி இருக்கும்" என்றாள் அம்மா. பின்னால் போனோம். பின்னாலும் புல்தான் இருந்தது. ஏழு மாடி அரண்மனையை எப்படித் தொலைக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. யாரையாவது கேட்கலாம் என்றால் அப்பாவுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அப்போதுதான் ஓரத்தில் ஒரு மரத்தடியில் மூன்று பேர் எங்களைப் போலவே முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். அம்மா என் முதுகில் இடித்தாள். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு கிட்டே போய், "நாங்க மாடுங்கா. சும்மா அரண்மனை பாக்கலாம்னு வந்தோம்" என்றார்.

"அப்படியா? நாங்களும் சும்மா அரண்மனை பாக்கத்தான் வந்தோம்" என்றாள் அந்த மாமி.

அப்பா அம்மாவைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தார். என்ன கச்சிதமான பதில்! சேஷு மாமா சொல்லிக்கொடுத்த வாக்கியம் பிசகாமல் வருகிறதே!

இப்போது யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவர்கள் பேச்சு எங்கள் பேச்சு மாதிரியே இல்லை. தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அம்மா அப்பாவிடம், "தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சா இருக்கே" என்றாள். ரொம்ப நாள் பூனாவில் இருந்தால் அப்படித்தான் ஆகும் என்றார் அப்பா. பூனாவில் இருந்தால் தஞ்சாவூர்ப் பேச்சு எப்படி வரும் என்று அம்மா கேட்கவில்லை. அந்த மாமி, இவன் நாளன்றைக்குக் கிளம்புகிறான் என்று பிள்ளையைக் காட்டி ஒரு மாதிரிக் குரலில் சொன்னாள். ஆபீசில் டூர் போட்டிருப்பார்கள் என்று அப்பா அதையும் விழுங்கினார். நேராக நீங்கள் யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கக்கூடாது என்றுதானே அத்தனை தூரம் போனோம்?

அம்மா டப்பாவைத் திறந்தாள். வெட்டின புல் வாசனைக்கு நடுவில் நெய்யும் ஏலக்காயுமாகச் சொஜ்ஜி மணத்தது. அந்த மாமிக்கு ஆச்சரியம். யுத்த காலத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கு யாராவது சொஜ்ஜி கொடுப்பார்களா? வேண்டாம் வேண்டாம் என்றவள் அம்மா விடாமல் வைக்கவும் கண் கலங்கிப்போனாள். தம்பிக்காரர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மரத்தில் சாய்ந்து தூங்கிவிட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் தூங்குகிறாரே, பெரிய மனுஷர்கள்தான் என்று அப்பா வியந்தார். பிறகு அம்மா என்னைப் பாடச் சொன்னாள். அந்த மாமியும், பாடட்டுமே, கேட்போம் என்றாள். நான் பட்டுப்புடவையோடு புல்லில் உட்கார்ந்து பாடினேன். தோட்டக்காரன் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

அந்தப் பிள்ளை அதுவரை ஒன்றும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும் தயங்கித் தயங்கி என்னிடம், உங்களுக்கு ஹிந்தி தெரியுமா, அந்தக் காவல்காரனிடம் ஒன்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். அம்மா உடனே போயேன் போயேன் என்று என்னைக் கிளப்பினாள். பத்தடி தள்ளி இருந்த காவல்காரனிடம் போனோம். அரண்மனை எங்கே என்று நான் கேட்டேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சப் ஜல் கயா, பாயி" என்றான். எல்லாம் எரிந்துபோயிற்று. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். ஏழு நாள் எரிந்ததாம்.

நான் தமிழில் சொன்னதும் அந்தப் பிள்ளையின் முகம் விழுந்துவிட்டது. "அம்மாகிட்ட சொல்லாதீங்கோ" என்றார். "ஒரு அரண்மனையாவது காட்டிட்டுப் போறேன்னு சொல்லிக் கூட்டிண்டு வந்தேன்."

எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை, டூர் என்றுதான் அப்பா சொல்லியாகிவிட்டதே. அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு திரும்பிப் போய்த் தன் அம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வந்து ஒரு கல் மேடைமேல் ஏற்றினார். "அம்மா, இப்போ நீ நிக்கறது தர்பார் ஹால்" என்றார். அந்த மாமி காலடியில் இருந்த புல்லைப் பார்த்தாள், பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "தூணெல்லாம் எங்கடா?" என்றாள். "ஒன் வலது பக்கம் ஒண்ணு இருக்கு, இடிச்சுக்காதே" என்றார் அவர். மாமி நிஜமாகவே இடது பக்கம் ஒதுங்கி நடந்தாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் மூன்று பேரும் அந்த இல்லாத அரண்மனையில் அறை அறையாகப் போனோம். ராணிக்கு ஒரு அறை, வெற்றிலை மடிக்க ஒரு அறை. மாமி ஒரு வாசலில் குனிந்து போனாள், நிலை தலையில் இடிக்குமாம். நான் சிரிக்க ஆரம்பித்தேன். கடைசியில் பெரிய கதவைப் பார்த்த ஒரு மேடையில் வந்து நின்றோம். அங்கே நின்று அந்தப் பிள்ளை அந்த இரும்பு முள்ளையும் யானையையும் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். அதைக் கேட்டு நான் சிரித்தேன் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பட்டுப்புடவையைப் பற்றிய நினைப்பே இல்லாமல் அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன வாக்கியம் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அதற்கு முன்னால் இரண்டு தடவை வந்தவர்களுக்கு என்னைப் பிடிக்க வேண்டுமே என்றுதான் வேண்டிக்கொண்டேன். எனக்கு ஒருத்தரைப் பிடிக்கலாம் என்பது அந்தப் புல்லில்தான் முதல் தடவையாகத் தோன்றியது. பாலக்காட்டிலிருந்து தப்பித்தாயிற்று, இனிமேல் இந்த மாமிதான் நம் மாமியார் என்று மனசு துள்ளியது.

மரத்தடிக்குத் திரும்பி வந்தபோது அங்கே இன்னும் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை, மடிசார் கட்டின ஒரு மாமி, ஒரு மாமா. அந்த மாமாதான் பேசினார்.

"நீங்க மாடுங்காவோ? நாங்க கிர்க்கி. சும்மா அரண்மனை பாக்கலாம்னு வந்தோம். வாசலுக்கு மேல அந்த மண்டபத்துல ரொம்ப நாழியா நின்னுண்டிருக்கோம்."

பாலக்காட்டுப் பேச்சு, சுத்தமாக. அப்பா அவர்களைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அம்மாவின் கை தானாகவே டப்பாவுக்குப் போயிற்று. டப்பா துடைத்து வைத்த மாதிரி இருந்தது. மரத்தில் சாய்ந்திருந்த தம்பிக்காரர் இத்தனை கும்பலைப் பார்த்து விழித்துக்கொண்டு எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார்.

மேலே நின்றுகொண்டு அவர்கள் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்கள். நாங்கள் வந்தது, புல்லில் உட்கார்ந்தது, டப்பா காலியானது, நான் பாடினது, நான் சிரித்தது. கூட இருப்பவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு, எப்போது மேலே வருவோம் என்று காத்திருந்திருக்கிறார்கள். இவர்கள் உங்களுக்கு என்ன உறவு என்று கிர்க்கி மாமி கேட்டாள். அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "இப்போதான்... இங்கதான் பாத்தோம்" என்றார். அந்த மாமியின் கண் என்மேல் வந்து நின்றது. முன்பின் தெரியாத ஒரு பிள்ளையோடு நின்று அப்படிச் சிரித்தவள் நான்தானே. பாலக்காடு மறுபடியும் கண்முன்னால் வந்து நின்றது.

எல்லாரையும்விட முதலில் விஷயம் புரிந்தது அந்தத் தஞ்சாவூர் மாமிக்குத்தான். அவள் இடுப்பிலிருந்து ஒரு சின்னக் குங்குமச் சிமிழை எடுத்து என் நெற்றியில் இட்டாள். பிறகு கிர்க்கி மாமியிடம் திரும்பினாள்.

"பொண்ணு நன்னாப் பாடறா. பக்கத்துல ஒக்காந்து நான் கேட்டேன். இவன் நாளன்னிக்குப் பட்டாளத்தோட பர்மாப் பக்கம் போறான். அழுதுண்டு ஒக்காந்திருந்த என்னை அவ சிரிக்க வச்சா. யோசிக்காதேங்கோ."

அப்போதுதான் எங்களுக்கு டூர் என்பது என்ன என்று தெரிந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பிள்ளை எங்களைப் பார்த்துக் கைகூப்பினார். என் பக்கம் வந்தபோது மட்டும், "அரண்மனை நன்னா இருந்தது" என்றார். நான் ஆமாம் என்றேனா இல்லையா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. மூன்று பேரும் அந்த முள் கதவு வழியாக வெளியே போனார்கள்.

கிர்க்கிப் பிள்ளையைப் பற்றிச் சொல்லவே இல்லையே நான். அன்றைக்கு அவரைச் சரியாகப் பார்க்கவே இல்லை. ஒரு ஓரமாக நின்றார், நாலு வார்த்தைகூடப் பேசவில்லை. கிளம்பும்போது அம்மா மன்னிப்புக் கேட்கிற மாதிரி காலி டப்பாவைக் காட்டினாள். பரவாயில்லை, எனக்குத் தித்திப்பு பிடிக்காது என்றார்.

திரும்பும் ரயிலில் லோணாவ்லாவில் ஆரம்பித்து மலை இறங்கும்வரை அம்மா அழுதாள். "அத்தனை சக்கரையும் போச்சு" என்று அழுதாள். சர்க்கரைக்காக அழவில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். எனக்கும் அழுகை வந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. கிர்க்கி தட்டிப்போகப்போகிறதே என்றா, பாலக்காட்டுக்காரரை நினைத்தா, பர்மாவுக்குப் போகிற அந்தப் பிள்ளைக்காகவா? அவர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. நம்மவர்கள் ஊரைக் கேட்பார்கள், உத்தியோகத்தைக் கேட்பார்கள், பெயரைக் கேட்க மறந்துவிடுவார்கள். நாங்களோ எதையுமே கேட்கக்கூடாது என்று போனவர்கள். ஒரு குகை வந்தது. இருட்டில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளிச்சம் வந்த பிறகும் விடவில்லை.

சேஷு மாமா ஜுரம் தெளிந்து, கம்பளியோடேயே மாடி ஏறி வந்து, அவர்களுக்குச் சம்மதமாம் என்றார். அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா திரும்பத் திரும்ப, எந்த அவர்கள், கிர்க்கிதானே என்று கேட்டார். மறுநாள் கீழ்வீட்டுக் குஜராத்தி மாமி கண்ணால் கேட்டபோது நான் ஆமாம் என்றேன். சந்தோஷமா என்று கேட்டால், பாலக்காடு போயிற்றே, சந்தோஷம்தான். கூடவே ஏதோ கைதவறிப் போட்டுவிட்டு வந்த மாதிரியும் இருந்தது. ஆபீசில் அன்றைக்கு எழுதின கார்டு எல்லாம் தப்பு.

கல்யாணத்துக்குப் பிறகு என் மாமியாரே சொன்னாள். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். தெரியாத பிள்ளையோட பல்லைக் காட்டிண்டு நிக்கறாளேன்னேன். அவன்தான், அந்தச் சிரிப்புக்காகவே இவதான்னு பிடிவாதம் பிடிச்சான்."

இவரும் என்னிடம் அதையேதான் சொன்னார். நான் பாடினது மேலே கேட்கவில்லையாம். என் முகம்கூட அத்தனை தூரத்தில் தெரியவில்லையாம். ஒரு பெண் மேடையில் உட்கார்ந்து உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பது மட்டும் தெரிந்ததாம். இப்படிச் சிரிக்கிறவள் வீட்டில் இருந்தால் போதும் என்று நினைத்தாராம். நல்ல மனுஷர். பம்பாய்க்கு மாற்றலாகி வந்து, செம்பூரில் குடியேறி, கடைசியில் இந்தத் திலக் நகர் வீடு வந்தது வரை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. என்னைச் சிரிக்க வைக்க அவர் பட்ட பாடு இருக்கிறதே! வாரப் பத்திரிகையில் வரும் ஜோக்குகளை எல்லாம் கத்தரித்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு வேளையில் படிப்பார். பாதியிலேயே அவருக்கே சிரிப்பு வந்துவிடும், முடிவு வெளியே வராது. நான் சிரிப்பேன். நிஜமாகத்தான் சிரிப்பேன். ஆனால் அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்ப்பார், அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இது இல்லையே என்கிற மாதிரி.

அவருடைய கடைசி வருஷத்தில் ஒரு நாள், இதே பால்கனியில்தான். சம்பந்தமே இல்லாமல் கேட்டார்.

"அன்னிக்கு வாடாவுல அந்தப் பிள்ளை என்ன சொன்னான்? அப்படிச் சிரிச்சியே?"

அத்தனை வருஷமும் அவர் கேட்டதில்லை. நான் யோசித்தேன். யானை வந்தது, கதவு வந்தது, முள் வந்தது. வாக்கியம் வரவில்லை.

"மறந்துபோச்சு" என்றேன்.

"சொல்லேன். இந்த வயசுக்கு மேல நான் என்ன நெனச்சுக்கப் போறேன்?"

"சத்தியமா மறந்துபோச்சு."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே பார்த்தார். அவர் நம்பவில்லை. அதை எனக்காக வைத்துக்கொண்டிருக்கிறேன், தர மனசில்லை என்று நினைத்துவிட்டார். இருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? பிறகு பல நாள் அடுப்படியில், பஸ்ஸில், தூக்கம் வராமல் படுத்துக்கொண்டு எல்லாம் தேடிப் பார்த்தேன். தர்பார் ஹால் இருக்கிறது, வெற்றிலை மடிக்கும் அறை இருக்கிறது, அந்த மாமி குனிந்துபோன வாசல்கூட இருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் கிடைக்கவில்லை. அதற்குள் இவர் போய்விட்டார். அந்தப் பிள்ளை பர்மாவிலிருந்து திரும்பினாரா என்பதும் தெரியாது. மாடுங்காக் கட்டடத்தை இடித்து அங்கே வேறு என்னவோ கட்டியிருக்கிறார்கள்.

இன்று காலை கீழே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னேன் இல்லையா? புல் வாசனை வந்தது, நாக்கில் சொஜ்ஜி வந்தது, அதன் பின்னாலேயே அந்த வாக்கியமும் வந்துவிட்டது. சத்தியமாக வந்தது. யானை, கதவு, முள், அந்தப் பிள்ளையின் குரலோடு முழுசாக. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காப்பி புடவையில் கொட்டிவிட்டது. தனியாக உட்கார்ந்து அப்படிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்பக்கம் திரும்பி, "ஏன்னா, ஞாபகம் வந்துடுத்து" என்று கூப்பிட்டேன்.

கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. உள்ளே அவருடைய நாற்காலி இருந்தது, அதன்மேல் மடித்து வைத்த என் போர்வை இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது கீழே மிஷின் நின்றிருந்தது. வாக்கியம் போய்விட்டது. யானை மட்டும் நிற்கிறது.